மூன்று திறாங்கு போட்ட அறை

கஜானி நாவற்குடாவில் அந்த வீட்டை வாடகைக்கு எடுத்ததே பின்பக்கத்து அறைக்காகத்தான். முன்பக்கம் ஓடு ஒழுகியது. குசினிப் புகைக்கூட்டில் வௌவால் குடியிருந்தது. கிணற்றுத் தண்ணீரில் வாவி உப்பு ஏறிக் கிடந்தது. அதெல்லாம் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. பின்னறைச் சுவர் ஒன்றரை முழத் தடிப்பு. யன்னல் ஒன்றே ஒன்று, அதுவும் பூனை நுழையிற அளவு. வீடு காட்ட வந்த தரகரை வெளியில் நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு தரம் கத்தியும் பார்த்தாள். மனுசன் வேலியோரம் போன் நோண்டிக்கொண்டு நின்றான், தலையே நிமிர்த்தவில்லை.

ஒன்றை மட்டும் அவள் கொஞ்சம் யோசித்திருக்கலாம். அந்த அறைக் கதவைத் தாழிடுகிற திறாங்கு வெளிப்பக்கம் இருந்தது. ஒன்றல்ல, மூன்று. மேலே ஒன்று, நடுவில் ஒன்று, நிலத்தோடு ஒன்று. நெல் மூட்டை அடுக்கின அறையாயிருக்கும் என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள். நெல் மூட்டை எழும்பி ஓடவா போகிறது, மூன்று திறாங்கு போட? ஆசை வந்துவிட்டால் மனிசருக்குக் கண் தெரியாதுதானே.

அவளுடைய ஆசையை நேரே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்தால்தான் அசிங்கமாகும். நம்பின ஆள் ஒருவன் தன்னைக் கயிற்றால் கட்டவேண்டும், கட்டிவிட்டுப் பக்கத்திலேயே இருக்கவேண்டும், போதும் என்றதும் அவிழ்க்கவேண்டும். அவ்வளவுதான். கஜானி ஆஸ்பத்திரியில் பிசியோ மிஸ். விழுந்து எழும்ப ஏலாதவர்களின் கையையும் காலையும் நாள் முழுக்கத் தூக்கிப் பிடிக்கிறவள். முப்பத்தெட்டு வயதில் அவளுக்கு ஒரு மணித்தியாலம் தன்னை யாராவது பிடித்துக்கொள்ளவேண்டும் போலிருந்தது.

கட்டின புருசனிடம் ஒரு தரம் சொன்னாள். அவன் அதைக் கொண்டுபோய் அவளுடைய அம்மா வரைக்கும் சொன்னான். அதோடு கல்யாணமும் முடிந்தது, ஊர் உறவும் முடிந்தது. ஐந்து வருசம் தனியாய்ச் சமைத்து, தனியாய்த் தின்று, தனியாய்ப் படுத்தாள். பிறகுதான் ஜூலியன் வந்தான். பாசிக்குடாவில் ஹோட்டலொன்றில் படகுகளைப் பார்க்கிற வேலை, நாற்பது தாண்டியும் கல்யாணம் கட்டாத ஆள். நடுங்கி நடுங்கி அவனிடமும் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை.

"எங்க கட்டினா நோகும், எங்க நோகாது? முதல்ல அதச் சொல்லித் தாங்க" என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்காகவே அவனை உயிராய் விரும்பினாள். இவனையும் இழந்தால் இனி யாரும் வரமாட்டார்கள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அறை மூன்று கிழமையில் தயாரானது. தச்சன் யோசேப் கூரை வளை மரத்தில் இரும்பு வளையம் பூட்டினான், மூன்று திறாங்கையும் கழற்றி ஒன்றை மட்டும் உள்பக்கமாய் மாற்றினான். இது எதற்கு மிஸ் என்று கேட்டதற்கு, பாரிசவாதக்காரருக்கு எக்சசைஸ் அறை என்றாள். பாவம், அவன் அதை நம்பி, தன் மாமியின் தோளையும் இங்கே கொண்டுவரலாமா என்று விசாரித்தான். கஜானி சிரிப்பை அடக்கப் பட்ட பாடு. மிச்சமெல்லாம் அவளே செய்தாள். சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரெல்லாம் முட்டைத் தட்டு ஒட்டி, மேலே கறுப்புத் துணி அடித்தாள். பஞ்சுக் கயிற்றை அவித்துக் காயப்போட்டு எண்ணெய் தடவி மெதுவாக்கினாள். அவசரத்துக்கு வெட்ட ஒரு கத்தரிக்கோலைக் கைக்கெட்டும் ஆணியில் மாட்டினாள்.

நிறுத்தச் சொல்லும் சொல்லையும் இருவருமாய்த் தெரிந்தெடுத்தார்கள். 'ஐயோ', 'வேண்டாம்' எல்லாம் சும்மாவும் வாயில் வரும், அது கணக்கில்லை. அந்த நேரத்தில் யாருமே சொல்லாத சொல்லாய் இருக்கவேண்டும். பஸ் நிலையத்தில் சுருளில் கச்சான் கடலை வாங்கிக் கொறித்துக்கொண்டிருந்தபோது ஜூலியன் அதையே சொன்னான். கச்சான் என்றால் அந்த நொடியே அவிழ்க்கவேண்டும், கேள்வி கேட்கக்கூடாது.

முதல் நாள் பழகிப் பார்க்கக் கயிற்றை வளையத்தில் இறுக்கி முடிந்துவிட்டு வேலைக்குப் போனாள். பின்னேரம் வந்து பார்த்தால் முடிச்சு அவிழ்ந்திருந்தது. கயிறு சுருட்டி, கதவோரம் நிலத்தில் வைக்கப்பட்டிருந்தது. அறைக்குள் ஒரு மணம். படுக்கையிலேயே நெடுநாள் கிடந்த உடம்பின் மணம். ஆஸ்பத்திரி வோட்டில் தினமும் அதை முகர்கிறவளுக்கு அது தப்பாது.

யன்னலைத் திறந்துவிட்டாள். மணம் போகவில்லை.

அடுத்த புதன்கிழமை ஜூலியனுக்கு லீவு. அவன் வந்தான், அவளைக் கட்டினான், அவள் கண்ணை மூடினாள். ஐந்து வருசமாய் நெஞ்சில் கிடந்த கல் இறங்கினது போலிருந்தது. கொஞ்ச நேரத்தில் முடிச்சுகள் ஒவ்வொன்றாய்த் தானாய்த் தளர்ந்தன. எண்ணெய் கூடிப்போச்சு என்று இருவரும் சிரித்தார்கள். அதற்கடுத்த முறை அவன் போகும்போது தன் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இரண்டிலும் சிவப்பாய்த் தழும்பு. கட்டினது அவன், கட்டுப்பட்டது அவள். தழும்பு அவனில்.

பக்கத்து வளவுச் சின்னத்தங்கத்திடம் கஜானி மெல்லப் பேச்சுக் கொடுத்தாள். முந்தி அந்த அறையில் யார் இருந்தது என்று கேட்டதுதான், அந்த மனுசி கையிலிருந்த சுளகைக் கீழே வைத்துவிட்டாள்.

"சீதேவிப்பிள்ளை கா. அண்ணன்காரன் கட்டி வச்சிருந்தவன். பதினொரு வருசம்."

"ஏன், புத்தி சரியில்லாத விசரா?"

"ஊருக்கு அப்பிடித்தான் சொன்னது. விசரெல்லாம் இல்ல புள்ள. ஒருத்தன்ல ஆசப்பட்டவ."

மிச்சத்தை அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். சின்னப் பிள்ளைகளாய் இருந்தபோது இவளும் கூட்டாளிகளும் யன்னலால் தண்ணீர் கொடுப்பார்களாம். சீதேவிப்பிள்ளை கையை நீட்டி, இதை அவிழ்த்து விடுங்கடி என்று கேட்பாளாம். இவர்கள் பயத்தில் ஓடிவிடுவார்களாம். அந்த முடிச்சோடு மல்லுக்கட்டியே அவளுடைய நகமெல்லாம் தேய்ந்து இல்லாமல் போனதாம். கச்சான் என்கிற அனல்காற்று வீசின ஒரு ஆனி மாதம், உள்ளேயே செத்துக் கிடந்தாளாம்.

கஜானி வீட்டுக்கு வந்து அழுதாள். பயத்தைவிடப் பாவம்தான் கூடுதலாய் இருந்தது. ஆனால் ஜூலியனிடம் இதில் ஒரு சொல் சொல்லவில்லை. சொன்னால் வரமாட்டானே என்ற பயம்தான். அங்கேதான் பிழை விட்டாள்.

மூன்றாம் முறை அவன் வந்தது நல்ல உச்சி வெயிலில். வெளியே தென்னோலை முறிய அனல்காற்று, ஒழுங்கையில் ஒரு நாய்கூட இல்லை. அறைக்குள் அந்தக் காற்றின் சத்தம் துளியும் இல்லை. ஜூலியன் அவளுடைய கையைக் கட்டினான். கறுப்புத் துணியால் கண்ணையும் கட்டினான். அவனுடைய காலடி இரண்டு எட்டு விலகிப் போனது கேட்டது.

பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் விரல்கள் வந்து அவளுடைய கட்டை அவிழ்க்கத் தொடங்கின. இவ்வளவு கெதியாக ஏன் என்று கேட்டாள். விரல்கள் பதனமாய், அவசரப்படாமல், ஒவ்வொரு சுற்றாய் எடுத்தன.

விரல்கள் குளிர்ந்திருந்தன.

நுனிகளில் நகம் இல்லை.

"கச்சான்" என்று ஒரு குரல் கேட்டது.

ஜூலியனின் குரல். அறையின் அடுத்த மூலையிலிருந்து.

"கஜானி... கச்சான். கச்சான்."

அவள் அவிழ்ந்த கையால் கண்துணியை இழுத்தெறிந்தாள். ஜூலியன் மூலையில் குந்தியிருந்தான். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால். கழுத்திலிருந்து கால் வரைக்கும் ஒரே முடிச்சு, திரும்பத் திரும்ப. மாடு கட்டுகிற முடிச்சு. இருவரில் ஒருவருக்கும் அது கட்டத் தெரியாது. அவனுடைய விரல்கள் நீலம் பாய்ந்திருந்தன. கத்தரிக்கோலை எடுத்து வெட்டி வெட்டி அவனை விடுவித்தாள்.

வேலிப் படலையடியில் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிவிட்டு அவன் நின்றான்.

"உன்னில கோபம் இல்ல" என்றான். "ஒரு பொம்பிள என்ட காதுக்குள்ள கேட்டது, 'இப்ப தெரியுதா' எண்டு."

போய்விட்டான். அவள் போட்ட அழைப்புகளை அவன் எடுக்கவில்லை. அனுப்பின செய்திகளைப் பார்த்தான், பதில் போடவில்லை. வீட்டுக்குள் பழையபடி ஒரு கோப்பை, ஒரு கரண்டி. ஆஸ்பத்திரியில் கிழவர்களின் கையைப் பிடித்து நடக்க வைக்கும்போது, அந்தக் கையை விட மனமில்லாமல் நின்றாள். இரண்டு கிழமை இப்படிப் போனது. பிறகு, எல்லாவற்றையும் கழற்ற நாளைக்கு வாங்கோ என்று யோசேப்பிடம் சொன்னாள்.

அன்று பின்னேரம் கயிறுகளை எடுத்து வைக்க உள்ளே போனவள், நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. ஆத்திரம் பொங்கி வந்தது.

"அவர் உன்ட அண்ணன் இல்ல" என்றாள், வெறும் அறையைப் பார்த்து. "நான் கேட்டுத்தான் கட்டினவர். கேட்டா அவிழ்க்கிறவர். எனக்கு இருந்தது அந்த ஒரு ஆள்தான். விளங்குதா உனக்கு?"

அந்த மணம் கிட்ட வந்தது.

கயிற்றின் நுனி நிலத்தில் ஊர்ந்து வந்து அவளுடைய முழங்காலில் முட்டி நின்றது.

பிறகு மடியில் ஒரு பாரம்.

தொட்டுப் பார்த்தாள். கண்ணுக்கு ஒன்றுமில்லை. கைக்கு இரண்டு மணிக்கட்டுகள், சேர்த்து நீட்டினபடி. எலும்பும் தோலும். சுற்றிவர வளையம் வளையமாய்ப் பழைய காயத்தின் தடிப்பு. கேட்டால் அவிழ்ப்பார்கள் என்றால் அது எப்படியிருக்கும் என்று அறியச் சீதேவிப்பிள்ளை வந்திருக்கிறாள் என்று கஜானிக்கு உடனே விளங்கியது.

பயந்து எழும்பி ஓடியிருக்கலாம். அந்தக் கைகளைத் தட்டிவிட அவளுக்கு மனம் வரவில்லை. முதலில் தடவிச் சூடாக்கினாள். பிறகு இரண்டு விரல் நுழைய இடம் விட்டு, மெதுவாய், நோகாமல் கட்டினாள். சும்மா அந்தரத்தில் கயிறு வளையமாய் நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம் பொறுத்து அவிழ்த்தாள். அறை முழுக்க ஒரு நீண்ட பெருமூச்சு கேட்டது.

கைகள் திரும்பவும் நீண்டன. திரும்பவும் கட்டினாள், அவிழ்த்தாள். எத்தனை தரம் என்று நினைவில்லை. நெடுநாளைக்குப் பிறகு அவளுக்குத் தனிமை தெரியவில்லை.

எட்டத்தில் நிலத்தில் கிடந்த போன் வெளிச்சம் போட்டு அதிர்ந்தது. ஜூலியன்.

பாய்ந்து கையை நீட்டினாள். இடக்கை வரவில்லை. மணிக்கட்டில் கயிறு, மறு நுனி கூரை வளையத்தில். எப்போது கட்டுப்பட்டது என்று தெரியவில்லை.

"விடு கா" என்றாள். "அவர்தான். விடு."

ஒன்றும் அசையவில்லை. கச்சான் என்று சொன்னாள். இன்னொரு தரமும் சொன்னாள். அந்தச் சொல்லைச் சீதேவிப்பிள்ளைக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை.

போன் ஓய்ந்து, திரையில் எழுத்து விழுந்தது. 'படலையடியில நிக்கிறன். கதவத் திற.'

"ஜூலியன்!" என்று அவள் கத்தினாள்.

குளிர்ந்த உள்ளங்கையொன்று வந்து அவளுடைய வலக்கையைப் பிடித்தது, தடவித் தடவிச் சூடாக்கியது. பிறகு கயிறு ஏறியது. அவள் எவ்வளவு இழுத்தும் நோகவேயில்லை. இரண்டு விரல் நுழைய இடம் விட்டுத்தான் கட்டப்பட்டிருந்தது.