மூடித் தைத்த கழுத்து

எதிர்வீட்டு டீச்சர், நேற்று வாங்கிப் போன சீருடைச் சட்டையைத் திரும்பக் கொண்டுவந்து வெட்டு மேசைமேல் விரித்தபோது தையல்காரிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. ஒரு தோளிலிருந்து மறு தோள்வரை ஒரே தையல். தலை நுழைய வழியில்லை.

"என்னக்கா, என் பொண்ணுக்குத் தலையே கிடையாதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"எங்கம்மா வேலையா இருக்கும். கண்ணசந்தா எதையாவது எடுத்து நோண்டிடுவாங்க. நாளைக்குப் பிரிச்சுத் தர்றேன்."

டீச்சர் போனாள். பழி போட வீட்டுக்குள்ளேயே ஓர் ஆள் இருப்பது எவ்வளவு வசதி!

அம்மாவும் தையல்காரிதான். ஒன்பது வருஷத்துக்கு முன் அவளுக்கு மறதி ஆரம்பித்ததே இப்படித்தான். யாருடைய ரவிக்கைக்கோ கழுத்தை மூடித் தைத்துவிட்டு, "அழகா இருக்குல்ல?" என்று கேட்டாள். பெரியம்மாவும் அதே மறதியில்தான் போய்ச் சேர்ந்தாள். இது ரத்தத்தோடு இறங்கும் வகை, பிள்ளைகளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று டாக்டர் சொன்னதும் அண்ணனும் அவளும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தார்கள். "எனக்கு இல்லையாம், தப்பிச்சேன்" என்று அண்ணன் போனில் சொன்னான். அதன்பின் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. நல்லதெல்லாம் அவனுக்கே போவது அந்த வீட்டில் புதிதும் இல்லை. அவளுடைய முடிவு வந்த உறை பொத்தான் டப்பாவுக்கு அடியில் பிரிக்காமல் கிடந்தது.

சட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். மெஷின் தையல். பிரிந்துவிடாமலிருக்க இரு முனையிலும் மும்மூன்று தடவை திருப்பி அடித்திருந்தது. அது அவளுடைய பழக்கம். அம்மா கரண்டி பிடித்தே இரண்டு வருஷமாகிறது.

மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. மெஷின் எண்ணெயும் ஈரத்துணியும் கலந்த வாசனைக்கு நடுவே, உள்ளறையிலிருந்து, யாரோ துணியை மெதுவாக உதறுவது போல ஒரு சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

சற்று முன்புதான் அம்மாவுக்குத் தலைக்கு ஊற்றி, காலையில் தைத்த புது நைட்டியை மாட்டிவிட்டு வந்திருந்தாள். தலை வாரினோமா? இடுப்பில் செருகிய சீப்பைத் தொட்டுப் பார்த்தாள். பல்லில் ஈரமே இல்லை.

கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அம்மா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கைகள் இரண்டும் மடியில், சமர்த்தாக. தோளுக்கு மேலே பூப்போட்ட துணி மட்டும். வாய் இருக்குமிடத்தில் துணி உள்ளே ஒட்டியது. விலகியது. ஒட்டியது.

"அம்மா!"

துணி விலக நேரமாயிற்று.

அவள் கையில் ஏதோ கனத்தது. பார்த்தாள். இரும்பு. விரல் நுழைய இரண்டு வளையம். இதை எதற்கோ எடுத்து வந்தாள். எதற்கு?

நின்று யோசித்தாள். அவசரமாக ஏதோ செய்ய வேண்டியிருந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. அது ஏன் என்றும் தெரியவில்லை. பிறகு அந்தத் தையல் கண்ணில் பட்டது. கோடு போட்ட மாதிரி நேராக. முனையில் மும்மூன்று திருப்பம்.

"அழகா இருக்குல்லம்மா?" என்றாள்.

துணி ஒட்டியது.