பெட்டிக்குள் கீச்

சில்வண்டு என்பது அவளுடைய உண்மையான பெயர் அல்ல. அம்மா வேலை செய்யும் ஆலையில் வைத்த பெயர். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள், அதனால்தான். அன்று பள்ளி அரை நாளோடு முடிந்துவிட்டது. அம்மா வேலை முடிக்கும்வரை அவள் ஆலையில்தான் இருந்தாக வேண்டும்.

"வாயைத் திறக்காம உட்காரு. யார்கிட்டயும் வம்பு வேண்டாம்," என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனாள்.

அம்மா ஏன் பயப்படுகிறாள் என்று சில்வண்டுக்குத் தெரியும். போன வாரம் ஏதோ கருகுகிற வாடை வருகிறது என்று அம்மா இயந்திரத்தை நிறுத்திவிட்டாள். எங்கே தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. பாதி நாள் வேலை கெட்டதுதான் மிச்சம். மேற்பார்வையாளர் தாம்தூம் என்று குதித்தார். "இன்னொரு தடவை சும்மா நிறுத்தினா, வேற ஆளைப் பார்த்துக்குவேன்," என்றார். அன்றிலிருந்து அம்மாவுக்குச் சரியான தூக்கமே இல்லை.

அந்த இயந்திரம் இரும்பையே கடித்துத் துப்பும். பெரிய பெரிய கணினி நிறுவனங்கள் கழித்துக் கட்டிய ஹார்ட் டிஸ்குகளை அது நொறுக்கித் தள்ளும். அவற்றில் எத்தனையோ பேருடைய கடிதங்களும் படங்களும் ரகசியங்களும் இருக்கும். அப்படியே குப்பையில் போட்டால் யார் கையிலாவது சிக்கிவிடும். நொறுக்கிவிட்டால் அந்தக் கவலை இல்லை. துண்டுகளை உருக்கிப் புதிய சாமான்களும் செய்யலாம்.

அதனால் அங்கே ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. டிஸ்குகள் முத்திரை போட்ட இரும்புப் பெட்டிகளில் வரும். பெட்டி இயந்திரத்தின் வாய்க்கு மேலே போன பிறகுதான் முத்திரை அறுபடும். அதுவரை யாரும் திறக்கக் கூடாது, எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. டிஸ்குகளை அனுப்பிய நிறுவனத்தின் அதிகாரி ஒருவர் கண்ணாடி அறையில் உட்கார்ந்து கடைசிவரை கவனிப்பார்.

சில்வண்டுக்கும் அந்த அறையில்தான் இடம் கிடைத்தது. முன்னால் கண்ணாடி. அதற்கு அப்பால், காதுகளை இறுக மூடும் கவசத்தோடு அம்மா இயந்திரத்தின் பக்கத்தில் நின்றாள். பக்கவாட்டில் கம்பி வலை. வலையை ஒட்டிப் பெட்டிகள் வரிசையாகக் காத்திருந்தன. சுவரில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் எல்லாமே நின்றுவிடும்.

"அங்கிள், அந்தப் பொத்தானை எப்போ அழுத்துவீங்க? அந்த இயந்திரம் லாரியைக்கூட நொறுக்குமா? உங்களுக்குத் தூக்கம் வராதா?"

"பாப்பா, கொஞ்ச நேரம் சும்மா இரேன். நான் இதைக் கவனிக்கணும்," என்றார் அதிகாரி.

சில்வண்டு வாயை மூடிக்கொண்டாள். வாயை மூடியதும் காது திறந்துகொண்டது.

கீச்.

"அங்கிள், உங்க ஃபோன் கத்துது."

அவர் எடுத்துப் பார்த்தார். "என் ஃபோன் இல்ல."

கீச். சத்தம் வலைப் பக்கத்திலிருந்து வந்தது. சில்வண்டு எழுந்து போய், வலைக்கு நடுவே விரலை நுழைத்து முதல் பெட்டியைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. அடுத்த பெட்டியும் அப்படித்தான். மூன்றாவதைத் தொட்டவள் விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். இப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி சுட்டது.

பெட்டிகளை இயந்திரத்துக்கு ஏற்றும் தூக்கு வண்டி வந்து முதல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனது.

அவள் சிவப்புப் பொத்தானைப் பார்த்தாள். ஓடிப்போய் அழுத்தலாம். ஆனால் பெட்டிக்குள் ஒன்றும் இல்லையென்றால்? அம்மாவின் மகள் நிறுத்தினால் அம்மாவே நிறுத்திய மாதிரிதான். அழுத்தாமல் விட்டால்? அம்மா நிற்பது இயந்திரத்தின் வாயருகே. சில்வண்டுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அங்கிள், அந்தப் பெட்டி சுடுது."

"இயந்திரம் ஓடுதுல்ல, சூடாத்தான் இருக்கும்."

"மத்த பெட்டியெல்லாம் சில்லுனு இருக்கே."

அவர் கண்ணாடிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி திரும்பி வந்து இரண்டாவது பெட்டியையும் எடுத்துப் போனது.

சில்வண்டு அவர் எதிரில் போய் நின்றாள். "அங்கிள், ஒரே ஒரு தடவை வந்து தொட்டுப் பாருங்க. சுடலைன்னா, நீங்க கிளம்புற வரைக்கும் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"நிஜமாவா?" அதிகாரிக்கு ஆசை வந்துவிட்டது. எழுந்து வந்து விரலை நீட்டித் தொட்டார். அவர் முகம் மாறியது. குனிந்து காது கொடுத்தார்.

கீச்.

அதற்குள் வண்டி அந்தப் பெட்டியையும் தூக்கிவிட்டது. அதிகாரி நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்தினார்.

ஆலையே அடங்கிப்போனது. பெட்டி பாதி வழியில் நின்றது. மேற்பார்வையாளர் விறுவிறுவென்று வந்தார். பார்வை முழுக்க அம்மா மேல்தான்.

"மறுபடியும் நீயா?"

"அவங்க இல்ல, நான்தான் நிறுத்தினேன்," என்றார் அதிகாரி. "பெட்டியை வெளியில கொண்டு போங்க. முத்திரையை நானே அறுக்கறேன்."

வெளிமுற்றத்தில் சில்வண்டை எட்ட நிற்க வைத்தார்கள். அம்மா கெட்டியான கையுறை மாட்டி, நீளமான இடுக்கியோடு பெட்டியருகே போனாள். மூடியைத் திறந்ததும் மெல்லிய புகை வந்தது. டிஸ்குகளுக்கு நடுவே ஒரு சின்ன யு.பி.எஸ். கிடந்தது. மின்சாரம் போனால் கணினியை அணையாமல் காப்பாற்றுகிற கருவி அது. கீச்சென்று கத்தியது அதுதான். அதன் பேட்டரி உப்பி, மேல்மூடியைப் பிளந்திருந்தது. பேட்டரி இருக்கிற எதையும் இந்தப் பெட்டிகளில் போடவே கூடாது.

அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை மெதுவாகத் தூக்கி மணல் தொட்டிக்குள் வைத்தாள். மேலே மணலைக் கொட்டினாள். கொஞ்சம் கொஞ்சமாகப் புகை அடங்கியது. அதற்குப் பிறகுதான் சில்வண்டை அருகே வர விட்டார்கள். அவள் ஓடிவந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"எங்க ஆளுங்கதான் கவனிக்காம போட்டிருக்காங்க. பூட்டின பெட்டியை யார் பார்க்கப் போறாங்கன்னு விட்டுட்டாங்க," என்றார் அதிகாரி. அவர் குரல் இறங்கியிருந்தது.

மேற்பார்வையாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அரைபட்டிருந்தா அங்கேயே வெடிச்சிருக்கும். நீ நிக்கிற இடத்துல." என்றார் அம்மாவிடம்.

மறுபடியும் வேலை தொடங்கியது. வண்டி அடுத்த பெட்டியைத் தூக்கப் போனபோது மேற்பார்வையாளர் கையைக் காட்டி நிறுத்தினார். காதுக் கவசத்தைக் கழற்றிவிட்டு அம்மா பக்கம் திரும்பினார்.

"முதல்ல நீ பாரும்மா. நீ சரின்னு சொன்னாத்தான் எதுவும் மேல போகணும்."

அம்மா பெட்டியின் நான்கு பக்கமும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். தன் கவசத்தை விலக்கி, காதையும் வைத்துக் கேட்டாள். கொஞ்சமும் அவசரப்படவில்லை. எல்லோரும் சத்தம் போடாமல் காத்திருந்தார்கள். அவள் தலையசைத்த பிறகுதான் பெட்டி மேலே போனது.