நிலாவுக்கு இந்தப் பக்கம்

நிலா தெளியவில்லை. அதற்கு இந்தப் பக்கம் வேறு ஏதோ ஒன்று தெளிந்தது.

தாராவியில் ஏழு மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில், கைப்பிடிச் சுவரை ஒட்டி நின்ற டெலஸ்கோப்பின் பின்னால் தனசீலன் குனிந்திருந்தார். கீழிருந்து லோக்கல் ரயிலின் தடதடப்பும், கழிமுகத்துச் சேற்று நாற்றமும், யார் வீட்டிலோ பொரிக்கும் மீன் வாசமும் கலந்து ஏறி வந்துகொண்டிருந்தன. டெலஸ்கோப் மகன் ஸ்டெர்லினுடையது. கேமராவை அதில் மாட்ட ஒரு வளையம் கடைந்து தரச் சொல்லி மூன்று மாதம் கெஞ்சினான். லேத் பட்டறைக்கார அப்பன் அரைமணி நேர வேலையை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டார். பொறுக்கமாட்டாமல் வளையம் வாங்கக் குர்லாவுக்குக் கிளம்பியவன், கூட்ட ரயிலின் வாசலில் தொங்கி, கை நழுவி விழுந்தான். சவப்பெட்டியை மூடித்தான் கொடுத்தார்கள். கடைசியாக ஒருமுறை முகத்தைப் பார்க்கக்கூட விடவில்லை.

வருச நினைவு நாளுக்குள் அவன் ஆசைப்பட்ட நிலாப் படத்தை எடுத்துவிட வேண்டும் என்று இப்போது வளையம் கடைந்திருக்கிறார், பாவி மனுசன்.

“தூரத்துல இருக்கதுக்கு கேமராவ உள்ள தள்ளணும்ப்பா, கிட்ட இருக்கதுக்கு வெளிய இழுக்கணும்” என்பான்.

உள்ளே தள்ளினால் வெறும் கலங்கல். ஒரு விரற்கடை வெளியே இழுத்தார். கேமராத் திரையில், ரயில் பாதைக்கு மேலே அந்தரத்தில், ஒரு நீலச் சட்டை. வெறுங்கண்ணால் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை.

மறுபடி குனிந்தபோது சட்டை கலங்கியிருந்தது. இன்னொரு விரற்கடை இழுத்த பிறகே தெளிந்தது. அப்படியானால் கிட்ட வந்திருக்கிறது. சட்டையின் மேல் பொத்தானில் கறுப்பு நூல். ஸ்டெர்லின் குர்லாவுக்குக் கிளம்பிய அன்று அவர் மனைவி சுஜா தைத்தது.

“முகத்தக் காட்டுய்யா” என்றார்.

இழுத்தார். கழுத்து. இழுத்தார். தாடை. பிறகு கலங்கல். குழாய் முடிந்துவிட்டது. இனி இழுக்க இடமில்லை.

படியிலிருந்து சுஜாவின் குரல் வந்தது. “இங்கேருங்க, யாருகூடப் பேசுதிய?”

தனசீலன் நிமிர்ந்தார். கைப்பிடிச் சுவரின் மேல் நான்கு விரல்கள். வெளிப்பக்கமிருந்து பற்றியிருந்தன. ஒன்று நழுவியது. இன்னொன்று.

பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தார். சில்லென்று. தொங்கும் ஆளின் முழுக் கனம்.

“விடமாட்டேன்யா. அப்பா பிடிச்சிட்டேன்.”

அந்தக் கை மெல்லத் திரும்பி அவர் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டது. பிறகு இழுத்தது. தனசீலனின் பாதங்கள் தரையை விட்டு எழும்பின. இருவரில் ஒருவரும் பிடியை விடவில்லை.