திட்டு வைத்தியம்

பால் தீயும் வாடை உள்கதவின் இடுக்கு வழியாக வந்தபோதே, இன்றைய பொழுது நல்லபடியாக விடியவில்லை என்று டாக்டரம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

"பால் தீயுது... அடுப்பை அணைங்க!" என்று குரல் கொடுத்தார். சமையலறையில் மருமகள் பாத்திரத்தை நகர்த்தும் சத்தம் மட்டும் கேட்டது. அடுப்புக்கு எதிரே நின்றுகொண்டே ஒருத்தி பாலைத் தீய விடுகிறாள் என்றால் அது கோபமாகத்தான் இருக்க வேண்டும். கோபத்துக்குக் காரணம் தேடி அந்த வீட்டில் யாரும் அலைய வேண்டியதில்லை. காரணம் முன்னறையில், எழுபது வயதைத் தாண்டி, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு உட்கார்ந்திருந்தது.

சரி, நம் வேலையைப் பார்ப்போம் என்று தெருப்பக்கத்து ஜன்னலைத் திறக்கப் போனார். தள்ளினார். அசையவில்லை. மழையில் மரம் உப்பியிருக்கும் என்று தோளைக் கொடுத்துத் தள்ளினார். அப்போதுதான் கண்ணாடி வழியே பார்த்தார். வெளியே குறுக்காக ஒரு மரச்சட்டம். அதில் பளபளவென்று புதுத் திருகாணிகள். அந்த வீட்டில் திருகாணி முடுக்கத் தெரிந்த ஒரே ஆள், அவர் பெற்ற பிள்ளை.

சட்டத்துக்கு அந்தப் பக்கம் ஜனங்கள் இடைவெளி விட்டு நின்றுகொண்டிருந்தார்கள். வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த கம்பவுண்டர், கையை விரித்து, 'என்ன டாக்டரம்மா இது?' என்று சைகையால் கேட்டார்.

தொற்று ஊருக்குள் வந்த அன்றே உள்கதவைச் சாத்திக்கொண்டவர் டாக்டரம்மா. யாரும் சொல்லி அல்ல. நோயாளிகளைப் பார்க்கிறவள் வீட்டுக்குள் நடமாடக் கூடாது என்று தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம். சாப்பாடு கதவுக்கு வெளியே முக்காலியில் வரும். பேத்தி குட்டி, கொல்லையில் விளையாடும்போது குளியலறை ஜன்னல் வழியே கையாட்டுவாள். அவ்வளவுதான் உறவு. கணவர் போன பிறகு இதே அறையில் உட்கார்ந்து சம்பாதித்துத்தான் பிள்ளையை ஆளாக்கினார். இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் இடமில்லை, சுற்றுவட்டாரத்து டாக்டர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள் என்றபோது, இந்த ஜன்னலை மட்டும் சாத்த அவருக்கு மனம் வரவில்லை. நேரில் வர முடியாதவர்களுக்குப் போன்.

அவருடைய வைத்தியமும் ஒரு தினுசு. 'மூச்சு வாங்குதா?' என்று யாரையும் கேட்க மாட்டார். கேட்டால் பொய் சொல்வார்கள். ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவாரோ என்ற பயத்தில், மூச்சுத் திணறிக்கொண்டே 'நல்லாத்தான் இருக்கேன்' என்பார்கள். அதனால், "என் மேல உனக்கு என்ன குறை? நிறுத்தாம திட்டு, கேப்போம்" என்பார். திட்டு என்றால் நம் ஜனங்களுக்குச் சொல்லியா தர வேண்டும்? கசப்பு மருந்திலிருந்து காத்திருக்க வைத்தது வரை கொட்டித் தீர்ப்பார்கள். வார்த்தை எங்கே தடுக்குகிறது, மூச்சு எங்கே அறுபடுகிறது என்று டாக்டரம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். கண் மங்கிவிட்டது, முழங்கால் வம்பு செய்கிறது, ஆனால் காது மட்டும் புதுசாக வாங்கினது போல இருந்தது. ஊரே இதற்குத் திட்டு வைத்தியம் என்று பேர் வைத்திருந்தது.

"அம்மா!" உள்கதவுக்கு அந்தப் பக்கம் பிள்ளையின் குரல். "ஜன்னலை நான்தான் அடைச்சேன். இன்னையோட இது போதும்!"

"வெளிய ஜனங்க நிக்கிறாங்கடா."

"நிக்கட்டும்! ஊர்ல வேற டாக்டரே இல்லையா?"

"இருக்காங்க. கதவைச் சாத்திட்டு இருக்காங்க."

"அப்ப அவங்கல்லாம் முட்டாள், நீ மட்டும் புத்திசாலி! இங்க பாரும்மா, ரெண்டுல ஒண்ணு. இந்த ஜன்னல் அடைச்சே இருக்கணும். இல்லேன்னா நாங்க மூணு பேரும் இப்பவே கிளம்பறோம், இவ அக்கா வீட்டுக்கு. பெட்டியெல்லாம் கார்ல ஏத்தியாச்சு."

அந்த அக்கா வீடு மலையைத் தாண்டி, ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய தூரம். போனால் எப்போது திரும்புவார்களோ? குட்டியின் கையாட்டல்கூட இனி இல்லையா? இந்த உடம்பு அதுவரை தாங்குமா?

"பெத்த தாயைப் பார்த்து ரெண்டுல ஒண்ணுங்கறியே... எதைடா நான் விடுவேன்?" என்றார்.

"அதான் எப்பவோ... முடிவு பண்ணிட்டீங்களே அத்தை!" இப்போது மருமகளின் குரல். "ஊருக்கெல்லாம் உயிர்... கொடுக்கறீங்க. எங்க உயிரு உங்களுக்கு... கிள்ளுக்கீரையா? என் குழந்தை பாட்டி... பாட்டின்னு ஏங்கிச் சாகுது. நீங்க யார் யாரையோ... கொஞ்சிட்டு..."

டாக்டரம்மாவின் கண்ணில் நீர் திரண்டது. மருமகளிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது அவருக்குப் புதிதல்ல. பள்ளிக்கூட டீச்சர் அவள். வாயைத் திறந்தால் முற்றுப்புள்ளி கிடையாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எத்தனை திட்டு! உப்புக்குத் திட்டு, விருந்தாளிக்குத் திட்டு, சாப்பிடாமல் நோயாளி பார்த்ததற்குத் திட்டு. ஒருநாளும் டாக்டரம்மா எதிர்த்துப் பேசியதில்லை. அந்த மௌனத்தைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு மருமகள் இன்னும் நாலு வார்த்தை கூடுதலாகச் சொல்வாள்.

"பதில் சொல்ல... மாட்டீங்களே! எப்பவும் போல... கல்லு மாதிரி..."

அழுகிறாள், பாவம் என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் காது சும்மா இருக்கவில்லை. அழுகிறவளுக்கு மூச்சு விக்கி விக்கி வரும், மூக்கை உறிஞ்சுவாள், குரல் தழுதழுக்கும். இவள் குரலில் தழுதழுப்பே இல்லை. கோபம் முழுசாக இருந்தது, மூச்சுதான் பாதியில் அறுந்தது. வீட்டுக்கூரை தாங்காத அளவுக்கு ஒரே மூச்சில் பேசுகிற வாய் இது. இதன் நீளம் ஊரில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும், இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் மாமியாருக்குத் தெரியாதா?

டாக்டரம்மாவின் கண்ணீர் அப்படியே நின்றது.

"இன்னொரு தரம் சொல்லும்மா" என்றார். "நிறுத்தாம சொல்லு. விடாம திட்டு."

"அம்மா!" பிள்ளை கத்தினான். "அவ நெஞ்சு வெடிச்சுப் பேசறா, உனக்கு வேடிக்கையா இருக்கா? நீ மனுஷிதானா?"

"நீ சும்மா இரு. ஏம்மா... அடுப்புல பால் தீஞ்சுதே, உனக்கு வாடை வரலையா?"

கதவுக்கு அந்தப் பக்கம் அவள் மோந்து பார்க்கும் சத்தம் கேட்டது.

"பால்... தீஞ்சுதா?" என்று கேட்டாள் மருமகள்.

அவ்வளவுதான். முகக்கவசத்தை இழுத்துக் கட்டிக்கொண்டு, தானே சாத்திய கதவைத் தானே திறந்துகொண்டு வெளியே வந்தார் டாக்டரம்மா. மருமகள் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். உதட்டில் ரத்தமே இல்லை. கால் விரலால் தரையைப் பற்றிக்கொண்டு, விழாமல் இருப்பதே ஒரு வேலையாக நின்றாள்.

"ஏன்மா வெளிய வந்தே! கிட்ட வராதே!" பிள்ளை குறுக்கே கையை நீட்டினான்.

"தள்ளுடா."

அந்தக் குரலைக் கேட்டுத்தான் அவன் சின்ன வயதில் ஊசிக்குக் கை நீட்டியிருக்கிறான். அதே கை தானாகத் தாழ்ந்தது.

"காய்ச்சல் எப்ப வந்துச்சு?" என்று மருமகளைக் கேட்டார்.

"இல்ல அத்தை... லேசா... போன வாரம். மாத்திரை போட்டேன், போயிடுச்சு. நல்லாத்தான்... இருக்கேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்று சொல்லிவிட்டு, வாசல் கதவைத் திறந்து, கம்பவுண்டரைக் கூப்பிட்டார். ஜனங்களுக்கு விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கிற கருவி அவர் சட்டைப்பையில்தான் இருக்கும். துடைத்துக் கொடுத்தார். மருமகளின் விரலில் மாட்டியதும் வந்த மிகக் குறைந்த எண்ணைப் பார்த்து, "இது கெட்டுப்போச்சும்மா" என்றான் பிள்ளை. பிடுங்கித் தன் விரலில் மாட்டிப் பார்த்தான். சரியாக இருந்தது. மறுபடி மனைவியின் விரலில் மாட்டினான். முதலில் வந்த அதே எண். இரண்டு முறை பார்த்தவன் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அம்மா... இவளைக் கூட்டிட்டு நான் மலையேற இருந்தேனேம்மா..."

"ஏறலையே! எழுந்திரு. பெட்டியை இறக்கு. கார் ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"அங்க இடமே இல்லைன்னு ஊரே சொல்லுது!"

டாக்டரம்மா போனை எடுத்தார். கெஞ்சவில்லை, அழவில்லை. பேரையும் வயதையும் எண்ணையும் சொன்னார். அந்தப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். இந்த அம்மா எத்தனையோ பேரை வீட்டிலேயே வைத்துத் தேற்றி, ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காமல் பார்த்துக்கொண்டவர். இவர் ஒரு ஆளை அனுப்புகிறார் என்றால் அது உண்மையிலேயே முடியாத ஆள். "அனுப்புங்க டாக்டர், எப்படியாவது பண்றோம்" என்றார்கள். மருமகள் என்று டாக்டரம்மா சொல்லவே இல்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

கார் கதவருகில் மருமகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை... நான் போயிட்டா... குட்டி..."

"எங்க போவே? நீ போயிட்டா என்னை யாரு திட்டுவா? ஏறு."

கார் தெரு முனை திரும்பும் வரை அசையாமல் நின்றார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். வரிசையில் நின்றவர்கள் மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். அழுது முடித்து, மூஞ்சியைக் கழுவிக்கொண்டு, அன்றைக்கு வாசலிலேயே நாற்காலி போட்டு எல்லோரையும் பார்த்தார். உள்கதவைச் சாத்தவில்லை. நோய் உள்ளே வந்த பிறகு யாருக்காகச் சாத்துவது? குட்டிக்கும் ஒரு முகக்கவசத்தைக் கட்டித் தன் கண் பார்வையிலேயே வைத்துக்கொண்டார்.

தினமும் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போன் போடுவார். "எங்க, திட்டு!" முதல் நாள் "போங்க..." என்ற ஒரே வார்த்தைதான் வந்தது. அடுத்த நாள், "போங்க அத்தை." பிறகு ஒரு நாள், ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைப் பற்றி ஒரு முழு வாக்கியம் வந்தது. டாக்டரம்மா போனைக் காதில் அழுத்திக்கொண்டு, பாட்டுக் கேட்பது போலக் கேட்டார்.

"அத்தை... ஒண்ணு சொல்லணும். விடைத்தாள் வாங்க ஸ்கூலுக்குப் போயிருந்தேன். பக்கத்துல ஒரு டீச்சர் இருமிட்டே இருந்தாங்க. அதுக்கப்புறம்தான் காய்ச்சல். உங்களால வந்துச்சுன்னு இவர் இங்க டாக்டர்கிட்ட சொன்னப்ப நான் வாயைத் திறக்கல... சொன்னா நீங்க திட்டுவீங்கன்னு பயம்."

"நான் என்னைக்கும்மா உன்னைத் திட்டியிருக்கேன்?"

அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது. அது அழுகைதான் என்று காது சொன்னது. டாக்டரம்மா நிம்மதியாகப் போனை வைத்தார்.

மறுநாள் காலையில் ஜன்னலுக்கு வெளியே கிறீச், கிறீச் என்று சத்தம். பிள்ளை திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தான். கடைசித் திருகாணி துருப்பிடித்ததுபோல் அடம் பிடித்தது. "வரவே மாட்டேங்குதும்மா" என்றான், தலையைத் தூக்காமல்.

"முடுக்கினவன் அப்படி முடுக்கியிருக்கான்."

"அம்மா... உன்னைப் போய் மனுஷிதானான்னு கேட்டேனே..."

"கேட்டே. இப்ப ஜன்னலைத் திற, ஜனங்க நிக்கிறாங்க." சட்டம் விழுந்தது. கம்பி வழியே கை நீட்டி அவன் தலையை ஒரு முறை கோதிவிட்டார்.

மருமகள் வீட்டுக்கு வரும் நாள். எல்லோரும் வாசலில் காத்திருக்க, காரை விட்டு இறங்கியவள் வாசலுக்கு வரவில்லை. மெலிந்து, புடவை தோளில் நிற்காமல், நேரே போய் நோயாளிகள் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டாள். முன்னால் நின்ற தையல்காரர் நகர்ந்து வழி விட்டும் போகவில்லை. முறை வந்ததும் ஜன்னலுக்கு எதிரே நின்றாள்.

டாக்டரம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். "என் மேல என்ன குறை? நிறுத்தாம சொல்லு" என்றார்.

"என்ன குறையா என்ன குறையில்லைன்னு கேளுங்க இந்த வயசுல நாலு பேரு வேலையை ஒத்த ஆளா இழுத்துப் போட்டுட்டு முக்காலில வெச்ச சாப்பாடு ஆறி அவலாப் போற வரைக்கும் போனை வைக்காம ஊர்ல இருக்கிறவன் மூச்சையெல்லாம் எண்ணிட்டு உங்க முழங்கால் வீங்கினதை யார்கிட்டயும் சொல்லாம நான் வாய்க்கு வந்தபடி பேசினப்பல்லாம் கல்லு மாதிரி கேட்டுட்டு அந்தத் திட்டுலயே என் உயிரைக் கண்டுபிடிச்சு இழுத்துட்டு வந்து போட்டீங்களே உங்களை மாதிரி ஒரு மாமியாரை வெச்சுட்டு ஒரு பொம்பளை எப்படித்தான் நிம்மதியா சண்டை போடறது!"

எங்கேயும் தடுக்கவில்லை. எங்கேயும் அறுபடவில்லை. வரிசையில் நின்ற அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள்.

டாக்டரம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். "மூச்சு... நல்லா..." அதற்கு மேல் வரவில்லை.

"அத்தை! என்ன பண்ணுது உங்களுக்கு?" மருமகள் பதறிப்போய் வாசலுக்கு ஓடினாள். திறந்து கிடந்த உள்கதவு வழியாக முன்னறைக்குள் புகுந்து அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லடி... இது அழுகை. வைத்தியம் தேவையில்ல" என்றார் டாக்டரம்மா. இருவரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். நடுவில் புகுந்துகொள்ள இடம் தேடிக் குட்டி இருவர் புடவையையும் பிடித்து இழுத்தாள்.

ஜன்னலுக்கு வெளியே தையல்காரர் தொண்டையைக் கனைத்தார். "டாக்டரம்மா, வீட்டு ஆளே இவ்வளவு நேரம் திட்டினா எப்படி? எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைக்கச் சொல்லுங்க!"

டாக்டரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு கையால் மருமகளை விடாமல் பிடித்தபடியே ஜன்னலுக்குத் திரும்பினார்.

"வந்துட்டேன்பா. ம்... ஆரம்பி."