பிடுங்கப் பிடுங்கப் பொன்னாங்காணி

மிதுலாவின் அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. இரண்டு வாய் வைப்பாள். மிச்சச் சோற்றைப் பிசைந்து பிசைந்து சோற்றுக் கோப்பையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு எழும்பிவிடுவாள். யாழ்ப்பாணத்தில் ஷெல் விழுந்து அப்பா இல்லாமற் போன நாளிலிருந்து இப்படித்தான்.

தேங்காய்ப்பூப் போட்ட பொன்னாங்காணி வறை இருந்தால் மட்டும் கோப்பை காலியாகும்.

ஆகவே மிதுலா பொன்னாங்காணி வளர்த்தாள். கொழும்பு வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கிய கீரைக்கட்டில் இலையை ஆய்ந்துவிட்டுத் தண்டை எல்லாரும் எறிவார்கள். அவள் எறியவில்லை. அவர்கள் வாடகைக்கு இருந்த மாடிவீட்டின் மொட்டைமாடியில், பழைய பெயின்ற் வாளிகளில் மண் நிரப்பி ஊன்றினாள். அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றினாள். கடற்காற்றில் உப்பு வந்து ஒட்டியது. பக்கத்தில் யாரோ வைத்த ரோசாச்செடி கருகிப்போனது. பொன்னாங்காணியோ அதைப் பொருட்படுத்தாமல் தளதளவென்று வளர்ந்தது.

ஒரு காலை ஆமி வீதியைச் சுற்றிவளைத்து வீடு வீடாகத் தேடியது. கையில் இரும்புக் கம்பியோடு ஒரு சிப்பாய் மொட்டைமாடிக்கு ஏறினான். மிதுலாவும் பின்னால் ஓடினாள்.

“மேக்க மொக்கத?” என்றான்.

இது என்ன என்று கேட்கிறான். அந்தளவு அவளுக்கு விளங்கியது. பதில் சொல்லத்தான் சிங்களம் வரவில்லை.

“பொன்னாங்காணி” என்றாள்.

மண்ணுக்குள் ஏதாவது புதைத்திருக்கிறதோ என்று அவன் ஒவ்வொரு வாளியாகக் கவிழ்த்தான், கம்பியால் கிளறினான். ஒன்றும் அகப்படவில்லை. அவன் இறங்கிப் போனபோது கொடிகள் துண்டு துண்டாகக் கிடந்தன. மிதுலா அழுதாள்.

வீட்டுச் சொந்தக்காரர் வரதராசா மூச்சு வாங்க ஏறி வந்தார்.

“பிள்ளை, இனி இஞ்ச மேல ஒரு வாளியும் இருக்கக்கூடாது. உதுக்குள்ள என்ன, உதுக்குள்ள என்னெண்டு என்னைத்தானே கேக்கிறாங்கள்.”

“அம்மா வேற ஒண்டும் சாப்பிடுறா இல்லை மாமா.”

“அதுக்கு நான் ஆமியோட சண்டை பிடிக்கேலுமோ?” என்றவர், அவள் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போனார்.

மிதுலா மூக்கைத் துடைத்துக்கொண்டு துண்டுகளைப் பொறுக்கினாள். ஒன்றைக் கையில் எடுத்தவள் உற்றுப் பார்த்தாள். தண்டின் கணுவில் நூல்போல வெள்ளை வேர். அடுத்த துண்டிலும் வேர். அதற்கடுத்ததிலும்.

சிப்பாய் ஒரு கொடியை நாலு கொடியாக்கிவிட்டல்லவா போயிருக்கிறான்!

துண்டுகளை ஒரு பேசினில் அள்ளிக்கொண்டு முதலில் அதே மாடிவீட்டில் குடியிருந்த நளீபா அன்ரியின் கதவைத் தட்டினாள்.

“என்ன புள்ள, குப்பையக் கொண்டு வாற?”

“குப்பை இல்லை அன்ரி, கீரை. உங்கட யன்னலில ஒரு தகரப்பேணி வைக்கட்டோ? தண்ணி நானே ஊத்துவன். வளந்தா உங்களுக்குப் பாதி.”

“யன்னலும் என்ட, பேணியும் என்ட. பாதிதானா?”

மிதுலா யோசித்தாள். “சரி, முக்கால்வாசி.”

நளீபா அன்ரி சிரித்துவிட்டார். வெற்றுப் பால்மாப் பேணி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். “இதுக்குச் சிங்களத்துல முகுணுவென்ன. அடுத்த முறை கேட்டா அப்படிச் சொல்லு.”

இப்படியே மாடி மாடியாக, கதவு கதவாக. கடைசிப் பேணியை வரதராசா மாமாவின் வாசற்படியில் வைத்தாள்.

“எடி பிள்ளை, வேண்டாமெண்டு சொன்ன என்ர வாசலிலயோ?”

“மேலதானே வேண்டாமெண்டனீங்கள் மாமா. இது கீழ.”

அவர் முனகிக்கொண்டே உள்ளே போனார். மறுநாள் பார்த்தால் அந்தப் பேணிக்கு யாரோ தண்ணீர் ஊற்றியிருந்தார்கள்.

மழை வந்தது. பேணிகளில் கொடி வழிந்தது. மறுபடி ஒரு நாள் ஆமியும் வந்தது.

அதே சிப்பாய், அதே கம்பி. வாசற்படியில் ஒரு பேணி. முதல் மாடி யன்னல்களிலும் பேணி, அடுத்த மாடியிலும் பேணி. வரதராசா மாமாவுக்கு வியர்த்தது. நளீபா அன்ரியின் யன்னலடியில் சிப்பாய் ஒரு கொடியைப் பிடுங்கித் தூக்கிப் பிடித்தான்.

“மேக்க மொக்கத?”

“முகுணுவென்ன” என்றாள் மிதுலா.

இந்த முறை அவள் அழவில்லை. கையை நீட்டினாள். அவன் ஒன்றும் புரியாமல் கொடியைக் கொடுத்தான். அவள் அதை இரண்டாக முறித்து, விரலால் மண்ணில் குழி தோண்டி, இரண்டையும் அவன் முன்னாலேயே நட்டாள். பிறகு மாடி மாடியாக இருந்த பேணிகளைக் காட்டி, அவனையும் காட்டினாள்.

சிப்பாய் பேணிகளைப் பார்த்தான். தன் கையில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தான். திடீரென்று சத்தமாகச் சிரித்தான். சிங்களத்தில் ஏதோ சொல்லிவிட்டு, கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான்.

“என்னவாம் அன்ரி?”

“‘அப்ப இந்தத் தோட்டத்தைப் போட்டது நான்தானா?’ எண்டு கேட்டுட்டுப் போறான்” என்றார் நளீபா அன்ரி.

வரதராசா மாமா நெற்றியைத் துடைத்தார். “பிள்ளை, மேல வாளியள் சும்மாதானே கிடக்கு. திரும்ப நட்டுவிடு.”

அன்று மத்தியானம் அம்மா வறையோடு சோறு முழுவதையும் சாப்பிட்டாள். விரலால் கோப்பையை வழித்துக்கொண்டே கேட்டாள்: “இன்னும் இருக்கோ, பிள்ளை?”

“எந்த யன்னலில ஆய?” என்றாள் மிதுலா.