இத்தா வீட்டின் பின்கதவு

பின்னேர அஸர் தொழுதுவிட்டு எழுந்தபோதுதான் அம்ஹாவுக்கு அது உறைத்தது: கடல் சத்தம் போடவில்லை. சாய்ந்தமருதில் அவள் வீட்டுக்கும் கரைக்கும் நடுவே ஒரு வீதியும் நாலைந்து தென்னைகளும்தான். பிறந்த நாளிலிருந்து காதில் கிடந்த இரைச்சல். இருக்கிறது என்று ஒருநாளும் நினைத்ததில்லை, நின்ற பிறகுதான் தெரிந்தது. உடைந்த கப்பலின் எண்ணெய் கரைக்கு வந்துவிட்டதாகத் தங்கை அப்னா காலையில் சொல்லியிருந்தாள். தாராகக் கனத்த எண்ணெய் மூடிய பிறகு அலை எங்கே எழும்பும்? ஆனாலும் அத்தனை பெரிய கடல் மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்பதை நினைக்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

அப்னா கல்முனை ஆஸ்பத்திரியில் இருந்தாள். எண்ணெய் நாற்றத்தில் கைக்குழந்தைக்கு மூச்சு இழுக்க, ஓட்டோ பிடித்து ஓடியவள். "ராத்தா, பகல் லுஹருக்கு முந்தி வந்திருவன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். இன்னும் வரவில்லை.

அம்ஹா கூடப் போயிருக்க முடியாது. அவள் இத்தா இருக்கிறாள். புருஷன் மௌத்தானால் நாலு மாதம் பத்து நாள் பெண் படி இறங்கக்கூடாது, அந்நிய ஆணின் கண்ணில் படக்கூடாது. அவள் வளர்ந்த வீட்டில் குரல்கூடக் கேட்கக்கூடாது என்பார்கள். ஆனால் தன் புருஷன் முபீனின் மையித்தை அவள் பார்க்கவில்லை. ஒருவருமே பார்க்கவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் கப்பல் தீப்பிடித்த அன்று அவன் ஒலுவிலிலிருந்து கடலுக்குப் போயிருந்தான். கருகிய வள்ளத்தில் பாதிதான் கரைக்கு வந்தது. பிறகு கொழும்பிலிருந்து சிங்களத்தில் ஒரு கடிதம் வந்தது. இறந்தவராகக் கருதப்படுகிறார் என்று மௌலவி வாசித்துச் சொன்னார். கருதியவர்கள் யாரோ. அவர்கள் கருதியதற்காக இவள் வெள்ளை உடுத்தினாள்.

கப்பல் எரிந்தபோது அரசாங்கத்துப் பெரியவர்கள் ஹெலிகொப்டரில் வந்து சுற்றிப் பார்த்தார்கள். கரைக்கு எண்ணெய் வரவே வராது என்று டீவியில் சத்தியம் பண்ணாத குறை. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு, இன்று மத்தியானம் லொறி அனுப்பினார்கள். காற்றில் நஞ்சு, எல்லோரும் உள்ளூர்ப் பாடசாலைக்கு வாருங்கள் என்று ஒலிபெருக்கி கத்தியது. ஓர் உத்தியோகத்தர் கேட்டைத் தட்டினார்.

"வீட்டுக்குள்ள ஆராவது இரிக்கீங்களா?"

அம்ஹா திரைக்குப் பின்னால் நின்று கை தட்டினாள். தொழுகையில் இமாமுக்குப் பிழை உணர்த்தப் பெண்கள் தட்டுவதுபோல, ஒரு கையின் புறத்தில் மறு கையால். லொறியின் இரைச்சலில் அது எங்கே கேட்கப்போகிறது? வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"இதுல ஆருமில்ல, எழுது" என்றார் அவர். லொறி போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் கரண்டும் போனது. போனில் சார்ஜ் இல்லை.

வெயில் இறங்கியது. கோழி கூப்பிடவில்லை, சைக்கிள் மணி இல்லை, பக்கத்து வீட்டு அடுப்படியில் பாத்திரம் உருளவில்லை. அந்தித் தொழுகையான மஃரிபுக்குப் பாங்கு சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. ஜன்னல்களைச் சாத்தியும் கதவிடுக்கால் மண்ணெண்ணெயும் அழுகிய மீனும் கலந்த நாற்றம் வந்து தொண்டையில் ஒட்டியது. இத்தா தொடங்கியதிலிருந்தே அவளுக்குத் தனிமை பழக்கம்தான். ஆனால் ஊரே இல்லாத தனிமை வேறு. ஒரு நாய் குரைத்தால்கூடப் போதும் என்றிருந்தது.

அப்போதுதான் பின்கதவு தட்டப்பட்டது. மெதுவாக. ஈரத் துணியால் அடிப்பதுபோல.

"அம்ஹா."

அவள் அசையவில்லை.

"அம்ஹா, நான்தான் புள்ள. கதவத் தொற."

முபீனின் குரல். அவனென்றால் இத்தா இல்லை. அவள் விதவையே இல்லை. வெளியே நிற்கும் புருஷனுக்குக் கதவு திறக்காத பெண்டாட்டி. அவனில்லையென்றால் அந்நியன்; பதில் சொல்வதே குற்றம். மௌலவியிடம் கேட்கலாமென்றால் மௌலவியும் லொறியில் போய்விட்டார்.

"அண்டைக்கு நீ கட்டித் தந்த சோத்த வேணுமெண்டுதான் உட்டுட்டுப் போன நான். கோவத்துல."

அந்தச் சண்டையை அவள் அப்னாவிடம்கூடச் சொன்னதில்லை. அந்தச் சோற்றை அழுதுகொண்டே கோழிக்குப் போட்டாள். மன்னிப்புக் கேட்க ஆளில்லாமல் இரண்டு மாதம் வெந்து கிடந்தாள்.

தாழ்ப்பாளை நீக்கினாள்.

மங்கிய வெளிச்சத்தில் அவன் நின்றான். உச்சி முதல் பாதம் வரை கறுப்பு. கண்ணிமைகள்கூட ஒட்டிக் கிடந்தன. ஆனால் அவன் உயரம், அவன் தோள், இடப்பக்கம் சாய்ந்து அவன் நிற்கும் விதம். கடிதம் பொய். கொழும்பு பொய். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"ஒளு செய்யணும்" என்று வலக்கையை நீட்டினான். "தண்ணி ஒட்டுதில்ல."

தொழுமுன் கைகால் முகம் கழுவும் ஒளுவுக்குத் தண்ணீர் தோலில் படவேண்டும். தார் இருந்தால் தொழுகை கூடாது. தாருக்குத் தேங்காய் எண்ணெய்தான் மருந்து என்று கடலுக்குப் போகிறவர்களின் பெண்டாட்டிமாருக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. கைகழுவும் பேசினும் எண்ணெய்ப் போத்தலுமாக ஓடி வந்தாள். அவனைப் படியில் இருத்தி, எண்ணெய் வார்த்துத் தேய்த்தாள். கறுப்பு இளகி வழிந்தது. கை பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்திருந்தது.

"மெலிஞ்சி போனீங்க மச்சான்."

"ஓம் புள்ள. தேய்."

சுண்டுவிரலைத் தேய்த்தாள். கறுப்பு. அதன் கீழும் கறுப்பு. இன்னும் தேய்த்தாள். தோல் வரும். தூண்டில் கிழித்த தழும்பு வரும்.

விரல் மெலிந்தது.

விரலைக் காணவில்லை.

நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினால் அவன் மௌத்து. தேய்த்தாள். உள்ளங்கை போனது. மணிக்கட்டு. எலும்பு தட்டவில்லை. முழங்கை. பேசின் நிறையக் கறுப்பு.

"போதுமா மச்சான்?"

பேசினில் கிடந்தது அசைந்தது. திரண்டது. ஐந்து விரல். மெல்ல எழும்பி அவள் மணிக்கட்டைப் பிடித்தது. கலியாணத்தன்று பிடித்த அதே இதத்தோடு.

படியில் இருந்தவன் மறு கையை நீட்டினான்.

"இதையும் கழுவு புள்ள. மஃரிப் போகுது."