காலனுக்கு நாலு மைல்

அந்தத் திரைதான் கெட்டுப்போயிருக்கிறது என்று ட்ரூடி முதலில் நினைத்தாள்.

படகின் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் இருந்தது அது. ஒரு காலன் பெட்ரோலுக்குப் படகு எத்தனை மைல் ஓடுகிறது என்பதை நிமிடத்துக்கு நிமிடம் காட்டிக்கொண்டே இருக்கும். ட்ரூடிக்கு அதெல்லாம் மனப்பாடம். ஐந்தாம் வகுப்பு அறிவியல் கண்காட்சிக்காக மூன்று வாரமாக அதைப் பார்த்துப் பார்த்து நோட்டில் எழுதிவருகிறாள். படகு தண்ணீரின் மேல் ஏறி வழுக்கிக்கொண்டு ஓடினால் பெட்ரோல் மிச்சமாகும். ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் மூக்கைத் தூக்கிக்கொண்டு திணறினால் மடமடவென்று குடித்துத் தீர்த்துவிடும். மணிக்கு இருபத்தைந்து மைல் வேகத்தில் போனால் காலனுக்கு நாலு மைல். மூன்று வாரமும் அதே நான்குதான்.

இன்று மூன்று புள்ளி ஆறு என்று காட்டியது.

"அப்பா, ஏதோ சரியில்லை" என்றாள்.

"காத்தடிக்குதோ என்னவோ" என்றார் அப்பா, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.

காற்றே இல்லை. ஈரி ஏரி அந்த சனிக்கிழமைக் காலையில் தட்டில் ஊற்றிய பால் மாதிரி அசையாமல் கிடந்தது.

பின்னால் மீன் தொட்டியின் மூடி மேல் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த எமில் சித்தப்பா சிரித்தார். "காலையில நான் ஒன்பது தோசை சாப்பிட்டேன். அந்தக் கனம்தான் வாத்தியாரம்மா. உன் நோட்டுல எழுதிக்க."

அவர் சொன்னது தேன் ஊற்றித் தின்னும் கோதுமைத் தோசை. ஒன்பது என்பது பொய் இல்லை. ட்ரூடியே எண்ணினாள்.

அவள் நோட்டில் 3.6 என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

கரையிலிருந்து பதினேழு மைல் வந்து எஞ்சினை நிறுத்தியபோது அந்த எண் மூன்று புள்ளி ஒன்று ஆகியிருந்தது. அவள் அதைச் சொல்வதற்குள் தூண்டில்கள் தண்ணீரில் இறங்கிவிட்டன. முதல் வால்ஐ மீன் சித்தப்பாவின் தூண்டிலில்தான் மாட்டியது. பொன்னிறமாக, முழங்கை நீளத்துக்கு இருந்தது. தொட்டிக்குள் விட்டதும் அது வாலை அடித்து அவர் முகத்தில் தண்ணீர் தெளித்தது. தொட்டிக்குள் பம்பு ஒன்று ஏரித் தண்ணீரை ஓயாமல் ஏற்றிக்கொண்டிருக்கும். மீன்கள் உயிரோடு இருப்பதற்காக.

ஒரு மணி நேரத்தில் ஐந்து மீன். அதன் பிறகு எதுவும் கடிக்கவில்லை.

"ரெண்டு மைல் தள்ளிப் போய்ப் பார்ப்போம்" என்று அப்பா எஞ்சினைக் கிளப்பினார்.

படகு எழவில்லை. மூக்கு வானத்தைப் பார்க்க, பின்பக்கம் தண்ணீருக்குள் உட்கார்ந்துகொண்டு உறுமியது. ட்ரூடி திரையைப் பார்த்தாள். இரண்டு புள்ளி இரண்டு.

மீதி இருக்கும் பெட்ரோலையும் பார்த்தாள். வேகமாகப் பெருக்கிப் பார்த்தாள். நம்பாமல் இன்னொரு முறை பெருக்கினாள்.

"அப்பா, ஆறு காலன்தான் இருக்கு. இப்படியே ஓடினா பதிமூணு மைல் போகலாம். கரை பதினேழு மைல்."

அப்பா எஞ்சினின் வேகத்தைக் குறைத்தார். "அது எப்படி? பாதித் தொட்டி பெட்ரோலோட கிளம்பினோமே."

"காலையிலேர்ந்து எண் குறைஞ்சுகிட்டே வருது. சித்தப்பா ஒன்பது தோசை தின்னாரு. சரி. அதுக்கப்புறம் அவர் ஒண்ணும் தின்னலையே."

"விதை தின்னேன்" என்றார் சித்தப்பா.

ட்ரூடி சிரிக்கவில்லை. "படகு கனமாகிக்கிட்டே போகுது. என்ன கனம்னு தெரியலை. தரைக்குக் கீழ பார்க்கலாமா?"

படகின் பின்பக்கத் தரையில் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு வட்ட மூடி உண்டு. அப்பா எஞ்சினை நிறுத்திவிட்டு வந்து மண்டியிட்டு அதைத் திருகி எடுத்தார்.

மூடிக்கு அடியில் இருட்டும் வெற்றிடமும்தான் இருக்க வேண்டும். ஆனால் அங்கே வானம் தெரிந்தது. மூடியின் விளிம்பிலிருந்து ஒரு விரல் கீழே, தண்ணீர் பளபளவென்று ததும்பிக்கொண்டிருந்தது.

மூன்று பேரும் அதையே பார்த்தார்கள்.

இவ்வளவு நேரமும் இந்தத் தண்ணீரின் மேல் நின்றுகொண்டுதான் சிரித்தோம், மீன் பிடித்தோம் என்று ட்ரூடிக்குத் தோன்றியது.

அப்பாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. ஆனால் கைகள் தாமதிக்கவில்லை. ட்ரூடியின் லைஃப் ஜாக்கெட் வாரை இழுத்துப் பார்த்தார். தனக்கு ஒன்றை மாட்டிக்கொண்டு, சித்தப்பாவிடம் ஒன்றை எறிந்தார். ரேடியோவை எடுத்து, எங்கே இருக்கிறோம், எத்தனை பேர், என்ன ஆயிற்று என்று கரையோரக் காவல் படைக்குச் சொன்னார். படகு ஒன்றைத் தயாராக வைப்பதாகவும், கால் மணிக்கு ஒரு முறை பேசும்படியும் அங்கிருந்து ஒரு பெண்குரல் சொன்னது.

அப்போது தூரத்தில் போன ஒரு பெரிய படகின் அலை வந்து சேர்ந்தது. சாதாரண அலைதான். அது பின்பக்கத்தைத் தாண்டி உள்ளே சுருட்டிக்கொண்டு விழுந்து, எல்லார் காலணியையும் நனைத்தது.

"சித்தப்பா, நீங்க முன்னாடி போய் உட்காருங்க" என்றாள் ட்ரூடி. "நாம மூணு பேரும் பின்னாடியே நிக்கிறோம். இன்னும் தாழுது."

எமில் சித்தப்பா மறு பேச்சில்லாமல் முன்னால் ஓடினார். பின்பக்கம் கொஞ்சம் உயர்ந்தது.

"தண்ணியை வெளிய தள்ளுற பம்பு ஏன் ஓடலை?" என்று அப்பா சுவிட்சைத் தட்டினார். கீழே ஏதோ முனகியது. தண்ணீர் வெளியே வரவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டு மூடித் துவாரத்துக்குள் கையை விட்டார். பம்பு இருந்த இடுக்கில் அவர் கை முழங்கையோடு நின்றுவிட்டது.

"என் கை போகும்" என்றாள் ட்ரூடி.

அப்பா ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு அவள் லைஃப் ஜாக்கெட்டின் பின்புறத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவள் தரையில் படுத்துத் தோள்வரை கையை விட்டாள். மே மாதத் தண்ணீர் பல்லைக் கிட்டவைக்கும் குளிர். விரல்களால் துழாவினாள். பம்பின் வாயில் சேறு மாதிரி ஏதோ அப்பியிருந்தது. வழித்து எடுத்துப் பார்த்தாள்.

சூரியகாந்தி விதைத் தோல். கைநிறைய.

முன்னாலிருந்து சித்தப்பா எட்டிப் பார்த்தார். பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டார்.

இன்னும் மூன்று பிடி எடுத்த பிறகு பம்பு ஓடியது. படகின் பக்கவாட்டில் தண்ணீர் பீச்சி அடித்தது. அப்பா வாளியால் மொண்டு மொண்டு ஊற்றினார். ட்ரூடி எண்ணினாள். இருபது வாளி ஆன பிறகும் கீழே தண்ணீர் குறைந்த மாதிரியே தெரியவில்லை.

"உள்ள வந்துகிட்டே இருக்கு" என்றாள். காதைத் தரையில் வைத்துக் கேட்டாள். சர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. அது வந்த திசையில் மீன் தொட்டி இருந்தது.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தாவிப் போய் மீன் தொட்டி பம்பின் சுவிட்சை அணைத்தாள். சர்ரென்ற சத்தம் நின்றுவிட்டது.

"தொட்டிக்குப் போற குழாய் கழண்டிருக்கு" என்றாள் மெதுவாக. "பாதித் தண்ணி மீனுக்கு. பாதி நமக்கு. காலையிலேர்ந்து நாமளே ஏரியை எடுத்து படகுக்குள்ள ஊத்திக்கிட்டிருந்திருக்கோம்."

அப்பா வாளியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மீன்களை ஐஸ் பெட்டிக்கு மாற்றிவிட்டு, அறுபத்து மூன்று வாளி இறைத்தார்கள். எஞ்சினைக் கிளப்பியபோது படகு மூக்கை இறக்கித் தண்ணீரின் மேல் ஏறி ஓடியது.

"முழு வேகத்துல விடுண்ணா" என்றார் சித்தப்பா. அவர் குரல் அவருடையது மாதிரியே இல்லை. "சீக்கிரம் கரைக்குப் போயிடலாம்."

"வேண்டாம்" என்றாள் ட்ரூடி. "முழு வேகத்துல காலனுக்கு ரெண்டரைதான் வரும். எங்கிட்ட எழுதி இருக்கு. பாதி வழியில நின்னுடுவோம். இருபத்தஞ்சுல போங்க அப்பா."

அப்பா இருபத்தைந்தில் வைத்தார். திரையில் மூன்று புள்ளி எட்டு வந்தது. கால் மணிக்கு ஒரு முறை அப்பா ரேடியோவில் பேசினார். பதில் சொன்ன பெண்குரல்தான் அமைதியாக இருந்தது. துறைமுகத்தின் வெள்ளைக் கம்பம் தெரிந்தபோது பெட்ரோல் தொட்டியில் ஒன்றரைக் காலன்தான் இருந்தது.

படகை வண்டியில் ஏற்றி மேட்டுக்கு இழுத்து, அடித்தளத்துத் தக்கையை உருவினார்கள். அவ்வளவு இறைத்தும், மிச்சத் தண்ணீர் நாலு நிமிடம் நிற்காமல் கொட்டியது. அந்தப் பக்கம் போன ஒருவர் நின்று பார்த்துவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டு போனார்.

எமில் சித்தப்பா அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். கன்னங்கள் தொங்கிப்போயிருந்தன.

"போன வாரம் அந்தக் குழாயை மாத்தினது நான்தான்" என்றார். "கவ்வியை அப்புறமா இறுக்கிக்கலாம்னு நினைச்சேன். மறந்துட்டேன். விதைத் தோலும் நான்தான். ட்ரூடி, உன்னைக் கூட்டிக்கிட்டு அவ்வளவு தூரம் போயிருக்கேன். அவ்வளவு தூரம்."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். கோபம் அவர் கழுத்து நரம்பில் தெரிந்தது.

ட்ரூடி வண்டியிலிருந்த கருவிப் பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கிவந்து, இரண்டு பேருக்கும் நடுவே தொப்பென்று வைத்தாள்.

"இப்பவே இறுக்கிடலாம் சித்தப்பா. நான் டார்ச் பிடிக்கிறேன்."

சித்தப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு குனிந்தார். பிறகு அப்பாவும் பக்கத்தில் மண்டியிட்டுக் குழாயைப் பிடித்துக்கொண்டார். கவ்வியின் திருகாணி கிரீச்சென்று சத்தம் போடும்வரை சித்தப்பா முறுக்கினார். "போதுமா?" என்று அப்பாவைக் கேட்கவில்லை, ட்ரூடியைக் கேட்டார்.

அவள் டார்ச்சைக் கீழே வைத்தாள். குழாயை இரண்டு கையாலும் பிடித்து, காலைப் படகில் உதைத்துக்கொண்டு, தன் பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தாள். குழாய் அசையவில்லை.

"போதும்" என்றாள். "மீனை வறுக்கலாம். எனக்குப் பசிக்குது."